கொழும்பு மேடையில் ஒரு கொங்கு நாட்டுக் குரல்



தமிழ் நாடக மேடையின் பெரும் பாடகி கே. பி. சுந்தராம்பாள் அவர்களின் வரலாற்றைக் கூறப் புகுவோர், இலங்கையைப் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் கடந்து போய்விடுவர். 1926 ஆம் ஆண்டில் நாடகமாடக் கொழும்புக்கு வந்தார், அங்கே எஸ். ஜி. கிட்டப்பாவோடு சேர்ந்து நடித்தார், மறு ஆண்டில் அவரை மணந்தார் என்பதோடு இலங்கையின் பங்கு முடிந்துவிடும். பிறகு கதை கடல் கடந்து சென்னைக்கும் திருச்சிக்கும் போய்விடும். அந்த ஒரு வாக்கியத்தினுள்ளே ஒரு வினா அடங்கியிருக்கிறது. கொங்கு நாட்டிலே, காவிரிக் கரையிலே, வறுமையிற் பிறந்த ஒரு பெண், பதினெட்டு வயதிலே தன் பெயரை நிலைநாட்டக் கடல் கடந்து கொழும்புக்கு வரவேண்டியிருந்தது எதனால்? இன்றைய பேச்சில் அந்த வினாவையும், அந்தக் கலைஞரின் வாழ்க்கையையும் சேர்த்தே எண்ணிப் பார்ப்போம்.

சுந்தராம்பாள் பிறந்தது 1908 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம். ஊர் கொடுமுடி. அக்காலத்தில் அது கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. இப்போது ஈரோடு மாவட்டத்தில் உள்ளது. கொங்கேழ் தலங்களில் ஒன்றாகிய அவ்வூரைச் சுந்தரமூர்த்தி நாயனார் பாடியிருக்கிறார். அவருடைய பெயரின் முன்னே நிற்கும் இரண்டு எழுத்துக்களில் ஒன்று ஊரையும் மற்றொன்று தாயாரையும் குறிக்கும்: கொடுமுடி, பாலாம்பாள். தமிழ்நாட்டிலே தந்தையின் பெயரை முதலெழுத்தாகக் கொள்வதே வழக்கமாயிருந்த காலத்தில், தாயின் பெயரைத் தாங்கியே அவர் புகழ் பெற்றார் என்பது கவனிக்கத் தக்கது. தாயொருத்தியே தாங்கி நின்ற குடும்பம் அது. வீட்டில் வறுமை. பாடத் தெரிந்த அந்தச் சிறுமி ஈரோடு – திருச்சி இருப்புப்பாதையில் ஓடும் புகைவண்டிகளில் பாடிப் பிரயாணிகள் கொடுத்த காசைக் கொண்டுபோய் வீட்டிற் கொடுத்தாள் என்பது பலரும் எழுதியிருக்கும் செய்தி.

அந்தப் புகைவண்டிப் பாட்டைக் கேட்டு அவருக்கு மேடையின் வழியைக் காட்டியவராகச் சொல்லப்படுபவர் எஃப். ஜி. நடேச ஐயர். இவர் தென்னிந்திய இரயில்வேயில் உத்தியோகம் பார்த்தவர், திருச்சியில் இரசிக ரஞ்சன சபையை நிறுவியவர், தாமே நடிகர். பின்னர் எம். கே. தியாகராஜ பாகவதரைச் சிறுவனாக மேடையேற்றியவரும் இவரே. இரண்டு பெருங் குரல்களை ஒரே மனிதர் கண்டெடுத்தார் என்பது தற்செயலன்று. தெரிந்தெடுக்கும் காது வாய்ந்தவர்கள் எக்காலத்திலும் சிலரே இருப்பர். பிறகு சுந்தராம்பாள் வேலு நாயரின் நாடகக் குழுவிற் சேர்ந்தார். நல்லதங்காள் நாடகத்திலே பசியால் வாடும் பிள்ளைகளுள் ஒருவராக நடித்ததே அவர் பெயர் பெற்ற முதல் வேடம். பசியைப் பற்றிப் பாட அந்தக் குழந்தைக்கு எவரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்திராது.

இனி, அவர் புகுந்த மேடை எத்தகையது என்பதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். அது தெரியாவிட்டால் அவருடைய வெற்றியின் அருமை விளங்காது.

தமிழ் இசை நாடகத்துக்கு உருவம் கொடுத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867 இல் பிறந்து 1922 இல் மறைந்த அவர் வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி, நல்லதங்காள் முதலாக ஏறத்தாழ நாற்பது நாடகங்களை இயற்றினார். பெரிய நடிகர்கள் சொற்கேளாமையால் மனம் சலித்து, சிறுவர்களையே கொண்டு நாடகம் நடத்தும் பாலர் குழுக்களையும் பயிற்றுவித்தார். அக்குழுக்களில் ஆணே பெண் வேடம் பூண்டான். குரல் உடையும் வயது வரையில் சீதையாகவும் தமயந்தியாகவும் நின்ற சிறுவர்கள் பலர். பெண்கள் மேடையேறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கும்பகோணத்திலே பாலாமணி அம்மையார் பெண்களையே கொண்ட ஒரு குழுவை நடத்தினார். அவருடைய நாடகத்தைப் பார்க்க வருவோருக்கெனத் தனிப் புகைவண்டி விடப்பட்டது. மக்கள் அதைப் பாலாமணி ஸ்பெஷல் என்றே அழைத்தனர். ஆனால் அத்தகைய பெண்ணுக்குப் பொருளும் புகழும் கிடைத்தனவேயன்றி மதிப்புக் கிடைக்கவில்லை. மேடையேறிய பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றி ஊரார் வாயில் எந்நேரமும் ஒரு சொல் தயாராக இருந்தது. நடிகை என்ற சொல்லையே தாழ்வாகச் சொல்லும் வழக்கம் நம்மிடையே முற்றும் ஒழிந்துவிட்டது என்று இன்றுங்கூடச் சொல்லத் துணியமாட்டேன்.

பாலர் குழுக்களும் பெருங் கம்பெனிகளும் ஒருபுறமிருக்க, ஸ்பெஷல் நாடகம் என்றொரு முறையும் தோன்றியது. இதில் குழு என்பது இல்லை. காண்டிராக்டர் ஒருவர் ஓரூரிலிருந்து இராஜபார்ட் நடிகரையும், வேறோர் ஊரிலிருந்து ஸ்திரீபார்ட் நடிகையையும், மற்றோரிடத்திலிருந்து ஆர்மோனியக்காரரையும் ஒரே இரவுக்காகத் திரட்டுவார். ஒத்திகை கிடையாது. எல்லோருக்கும் சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டும் வசனமும் மனப்பாடமாயிருக்கும். அதற்கு மேல் அவரவர் திறமை. ஆர்மோனியக்காரர் பக்கத்திலிருந்து வாசிப்பதோடு பின்பாட்டும் பாடி, நடிகர் சற்று ஓய்ந்த இடத்தைத் தாம் பிடித்துக்கொள்வார். வள்ளி திருமணத்திலே, தினைப்புனத்தில் வேடனாக வந்த முருகனும் வள்ளியும் தருக்கமாடும் கட்டம் வரும். அது பெயரளவிலே காதற் காட்சி. உண்மையில் அது இரண்டு வித்துவான்கள் மோதிக்கொள்ளும் களம். வேடன் ஓர் இராகத்தை எடுத்தால் வள்ளி அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். அவன் ஒரு கேள்வியைப் போட்டால் அவள் அவ்விடத்திலேயே விடை சொல்லவேண்டும். ஒலிபெருக்கி இல்லாத காலம். கொட்டகையின் கடைசி வரிசையிலே தரையில் குந்தியிருப்பவனுக்கும் சொல் கேட்கவேண்டும். இரவு பத்து மணிக்குத் தொடங்கியது விடியும் வரையில் நீளும். இத்தகைய மேடையிலே ஒரு பெண் நின்று நிலைத்தாள் என்றால் அதற்குக் குரல் மட்டும் போதாது. துணிவு வேண்டும், நினைவாற்றல் வேண்டும், சபையை எடைபோடும் புத்தியும் வேண்டும்.

சரி, அந்த மேடை ஏன் கொழும்புக்கு வந்தது?

இதற்கு விடை கலையிலில்லை. கப்பலிலும் காசிலும் இருக்கிறது. 1914 ஆம் ஆண்டிலே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பற் சேவை தொடங்கியது. இக்கரையிலும் அக்கரையிலும் இருப்புப்பாதை கடல் விளிம்பு வரை வந்து நின்றது. ஒரே பயணச்சீட்டை வைத்துக்கொண்டு சென்னையிலே ஏறியவர் கொழும்பிலே இறங்கலாம். ஆர்மோனியம், திரைச்சீலை, உடைப் பெட்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஒரு நாடகக் கூட்டம் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் போவது போலவே கொழும்புக்கும் வரக்கூடியதாயிற்று. கொழும்பிலோ துறைமுகத் தொழிலாளரும், செட்டியார் தெரு வணிகரும், அலுவலகங்களிலே எழுதுவினைஞராயிருந்த யாழ்ப்பாணத்தவரும், நாடகமென்றால் விடிய விடியக் கண்விழிக்கும் முஸ்லிம் இரசிகர்களும் இருந்தனர். தேயிலையும் இரப்பரும் நல்ல விலைக்குப் போன காலம் 1920கள். அவ்விலை உயர்வின் ஒரு துளி நாடகக் கொட்டகை வாசலிலும் சிந்தியது.

கொழும்பு அதற்கு முன்னரே நாடகத்துக்குப் பழகிய நகரம் என்பதையும் மறக்கலாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே பம்பாயிலிருந்து பார்ஸி நாடகக் குழுக்கள் வந்து போயின. அவற்றின் மெட்டுக்களையும் திரைச்சீலைகளையும் பார்த்தே சிங்களத்தில் நூர்த்தி என்னும் இசை நாடகம் எழுந்தது. ஜோன் த சில்வாவின் நாடகங்களுக்கு இந்தியாவிலிருந்து வந்த விசுவநாத் லௌஜி மெட்டமைத்தார். மருதானையிலே டவர் மண்டபம் திறக்கப்பட்டது 1911 இல். ஆகவே தமிழ் மேடையும் சிங்கள மேடையும் ஒரே பார்ஸித் தாயின் இரு பிள்ளைகள் என்று சொன்னாலும் பிழையில்லை. இந்த உறவை நம் பாடசாலை வரலாற்று நூல்கள் இன்னும் சற்று விரிவாகச் சொன்னால் நல்லது.

ஆனால் அதே கப்பலில் வந்த மற்றொரு கூட்டத்தையும் நாம், அதிலும் மாத்தளைப் பகுதியில் வாழ்பவர்கள், நினைக்காமலிருக்க இயலாது. இருப்புப்பாதை வருமுன்னே மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டுவழியாய் நடந்து, தம்புள்ளையையும் நாலந்தாவையும் தாண்டி மாத்தளைக்கு வந்து சேர்ந்தவர்களே இம்மலைத் தோட்டங்களின் முதற் குடிகள். வழியிலே மாண்டவர் தொகையை எவரும் சரிவர எண்ணவில்லை. அவர்கள் ஆர்மோனியத்தையோ திரைச்சீலையையோ கொண்டுவரவில்லை. தப்பையும், தொண்டையிலே தங்கிய பாட்டையுமே கொண்டுவந்தனர். மாசி மாதத்திலே காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் என்பன தோட்டத்து லயங்களின் முன்னே ஆடப்பட்டன. பொன்னர் சங்கர் கதை கொங்கு நாட்டுக் கதை; சுந்தராம்பாளின் சொந்த மண்ணின் கதை. ஒரே மண்ணிலிருந்து புறப்பட்ட இரண்டு கலைகளில் ஒன்று கொழும்பு மேடையிலே கட்டணத்துக்கும் மற்றொன்று தோட்டத்து மைதானத்திலே கட்டணமின்றியும் நிகழ்ந்தன. கூத்தில் ரதியாக ஆடியவனும் ஆணே. பகல் முழுவதும் ஆணுக்குச் சமமாக மலையேறிக் கொழுந்து பறித்த பெண்ணுக்கு இரவில் ஆடுகளத்திலே இடமில்லை. தாலாட்டும் ஒப்பாரியும் மட்டுமே அவளுக்கு உரியவை. அவளைப் போன்ற ஒருத்தியின் குரல் உரத்துக் கேட்கப்பட்டது, பின்னாளிலே கங்காணிமார் வீடுகளுக்கும் நகரத்துக் கடைகளுக்கும் கிராமபோன் பெட்டி வந்த பிறகே என்று எங்கள் முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இப்பொழுது 1926 க்கு வருவோம். கொழும்பிலே சுந்தராம்பாளுக்கு நல்ல பெயர் ஏற்பட்டிருந்தது. அவரோடு சேர்த்து நடிக்கவைப்பதற்குக் கிட்டப்பாவை வரவழைத்தனர். செங்கோட்டையில் 1906 இல் பிறந்த கிட்டப்பா, சிறு வயதிலேயே சங்கரதாஸ் சுவாமிகளின் குழுவிலே பாடத் தொடங்கியவர். பின்னர் காட்சி ஜோடனைக்குப் பெயர்போன கன்னையா கம்பெனியிலே தசாவதாரம் முதலிய நாடகங்களால் நாடெங்கும் அறியப்பட்டவர். உச்ச சுருதியிலே நின்றுகொண்டு, பிசிறில்லாமல், மின்னலைப் போலப் பிருகாக்களை உதிர்ப்பது அவருடைய பாணி. அவருக்கு எதிரே நின்று பாட இந்தப் பெண்ணால் ஆகுமா என்று அவருடைய நலம் விரும்பியோரே அஞ்சினர் எனச் சொல்வர். நடந்தது வள்ளி திருமணம். அவர் வேலன், இவர் வள்ளி. அஞ்சியவர்களின் அச்சம் பொய்த்தது. ஒருவர் மற்றவரை வெல்லவில்லை என்பதே அந்த இரவின் செய்தி. அடுத்து வந்த ஆண்டுகளில் இவ்விருவர் பெயரும் சேர்ந்து அச்சிட்ட விளம்பரத் தாளைக் கண்டால் ஊர் திரண்டது.

அவர்கள் 1927 இல் மணம் செய்துகொண்டனர். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். அவர் பிராமணர், இவர் அல்லர். இவை இரண்டும் அந்த இல்வாழ்க்கையின் இரு பக்கங்களிலும் சுவர்போல நின்றன. மேடையிலே அவரோடு சமமாய் வாதாடியவர், வீட்டிலே அவருடைய வரவுக்குக் காத்திருக்கும் நிலைக்கு ஆளானார். பிறந்த குழந்தை சில நாட்களிலே இறந்தது. கிட்டப்பா மதுவுக்கு அடிமையாகி உடல்நலம் கெட்டார். இருவரும் பிரிந்து வாழ்ந்த காலமும் உண்டு. அக்காலத்திலே சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சிலே வந்திருக்கின்றன. அன்பும் கோபமும் சுயமரியாதையும் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கும் அக்கடிதங்களைப் படிப்போர், அவரைப் பொறுமையே உருவான பதிவிரதை என்று மட்டும் எழுதிவிட்டுப் போவதற்குக் கூசுவர். 1933 டிசம்பர் 2 ஆம் திகதி கிட்டப்பா காலமானார். வயது இருபத்தேழு. தமிழின் முதற் பேசும்படமாகிய காளிதாஸ் வெளிவந்து அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. திரையிலே தோன்றாமலே அவர் போய்விட்டார். அவர் குரலில் நமக்கு எஞ்சியிருப்பவை இசைத்தட்டுக்கள் மட்டுமே.

சுந்தராம்பாளுக்கு அப்போது இருபத்தைந்து வயது. அன்று முதல் அவர் வெள்ளைப் புடவை உடுத்தார், நகைகளை நீக்கினார், எந்த ஆண் நடிகருக்கும் இணையாக நடிப்பதில்லை என்று விரதம் பூண்டார். நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு மேல் அவ்விரதத்தைக் காத்தார்.

இந்த விரதத்தை நம்மவர் வழக்கமாகக் கற்பின் சிறப்பென்று போற்றுவர். அவருடைய உள்ளத்தின் உறுதியை நானும் வணங்குகிறேன். ஆயினும் வரலாற்றைப் படிப்பவன் அங்கேயே நின்றுவிடக் கூடாது. அக்காலத்து மேடையில் ஆணின் காவலில்லாத இளம் பெண்ணுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். அந்த வெள்ளைப் புடவை அவரைச் சுற்றி ஒரு கோட்டையாக நின்றது. நடிகை என்று இளக்காரமாய்ப் பேச வாயெடுத்தவனும் அம்மா என்று அழைக்கவேண்டியதாயிற்று. அதற்கு அவர் கொடுத்த விலையும் பெரிது. தருக்கக் காட்சியின் குறும்பும் சிரிப்பும் வாய்ந்த அந்த வள்ளி, இருபத்தைந்து வயதோடு மறைந்துபோனாள். பிறகு அவர் ஏற்ற பாத்திரங்களைப் பாருங்கள்: நந்தனார், மணிமேகலை, ஔவையார், கவுந்தியடிகள், காரைக்கால் அம்மையார். யாவரும் உலகைத் துறந்தவர்கள், அல்லது உலகம் துறந்தவர்கள். ஒரு பெண் கலைஞருக்கு மதிப்பளிக்க, அவள் துறவியாயிருத்தல் வேண்டும் என்று கேட்ட சமுதாயத்தைப் பற்றி இதிலே ஒரு செய்தி இருக்கிறது. அதைச் சொல்லாமல் அவருடைய துறவை மாத்திரம் புகழ்வது நேர்மையன்று என்பது என் எண்ணம்.

கிட்டப்பா மறைந்தபின் அவர் சில காலம் வெளியே வரவில்லை. மறுபடியும் மேடைக்கு வந்தபோது நந்தனார் வேடத்தில் வந்தார். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்திலே ஆணாகிய நந்தனாருக்குப் பெண்ணொருவர் உருக்கொடுத்தது புதுமை. நம் யாழ்ப்பாணத்து இசை நாடக மேடையை இதனோடு ஒப்பிடலாம். அங்கே ஆண்கள் பெண் வேடம் பூண்டு ஆடுவது நெடுநாள் மரபு, நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்கள் அரிச்சந்திரனாகவும் நந்தனாராகவும் நின்று பாடிய இரவுகளை வடபகுதி மக்கள் இன்னும் மறக்கவில்லை. இக்கரையிலே ஆண் பெண்ணானான். அக்கரையிலே பெண் ஆணானாள். கலையின் உண்மை வேடத்திலில்லை, குரலிலேதான் என்பதை இரு கரையாரும் ஒத்துக்கொண்டனர்.

அந்த நந்தனாரைத் திரைப்படமாக எடுக்க ஒரு தயாரிப்பாளர் வந்தார். சினிமாவில் நடிக்க மனமில்லாத சுந்தராம்பாள், கேட்டவுடன் ஓடிப்போகட்டும் என்று எண்ணியே ஒரு இலட்சம் ரூபாய் கேட்டாராம், வந்தவரோ சம்மதித்துவிட்டாராம். எண்ணம் எதுவாயினும், 1935 இல் வெளிவந்த அப்படத்துக்கு அவர் ஒரு இலட்சம் ரூபாய் பெற்றார் என்பதும், இந்தியாவில் எந்த நடிகரும் அதற்கு முன் அத்தொகையைப் பெற்றதில்லை என்பதும் எங்கும் எழுதப்பட்டுவரும் செய்திகள். அத்தொகையின் பருமனை நம் மண்ணின் அளவுகோலால் அளந்து பார்க்கலாம். 1929 இல் மலைநாட்டு உயர்நிலத் தோட்டங்களில் சட்டம் விதித்த நாட்கூலி ஆணுக்கு 54 சதம். பெண்ணுக்கு 43 சதம். அதையும் பின்னர் வந்த பொருளாதார மந்தத்தில் குறைத்தார்கள். புகைவண்டியிலே காசுக்குப் பாடிய சிறுமி எவ்வளவு தூரம் வந்துவிட்டாள் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. படம் எப்படியிருந்தது என்று கேட்டால், கல்கி அவர்கள் அதைக் கடுமையாகக் கேலி செய்து எழுதினார் என்று சொல்லி நகர்வதே நன்று. மேடைக்கு ஏற்ற கலை திரைக்கு அப்படியே பொருந்திவிடாது என்பதை அக்காலத்தில் பலர் பொருட்செலவு செய்தே கற்றுக்கொண்டனர். ஆனாலும் பிரபல சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக வந்து அந்த நந்தனாரின் முன்னே நின்ற காட்சி, காந்தியடிகள் தீண்டாமைக்கெதிராக நாடு முழுவதும் யாத்திரை செய்து முடித்த மறு ஆண்டிலே வந்தது என்பதை நினைத்தால், அது வெறும் பொழுதுபோக்கன்று என்பது தெளிவாகும்.

அவருடைய குரல் அரசியலிலும் புகுந்தது. சுந்தராம்பாளும் கிட்டப்பாவும் கதர் உடுத்தித் தேசியப் பாடல்களைப் பாடியவர்கள். பின்னாளில் சத்தியமூர்த்தி அவர்கள், தாமும் நாடக மேடையில் நடித்துப் பழகியவராதலால் பாட்டின் வலிமையை அறிந்து, 1937 தேர்தலிலே சுந்தராம்பாளைக் காங்கிரஸ் மேடைகளுக்கு அழைத்துச் சென்றார். இவர் பாடுகிறார் என்றால் கூட்டம் கூடும். கூடிய கூட்டம் பேச்சையும் கேட்டுவிட்டுப் போகும். காந்தியடிகள் கொடுமுடியிலே அவர் வீட்டில் உணவருந்தியபோது பொற்றட்டிலே பரிமாறினார் என்றும், உணவு மட்டுந்தானா, தட்டு இல்லையா என்று காந்தியடிகள் கேட்க, அதையும் எடுத்துக் கொடுத்துவிட்டார் என்றும் ஒரு கதை வழங்கிவருகிறது. 1927 நவம்பரில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்து மலைநாட்டிலும் கதர் நிதி திரட்டியதை அறிந்தவர்களுக்கு, அப்படிக் கேட்கக்கூடியவர்தாம் அவர் என்பது புரியும்.

நாடகக்காரர் பலர் அக்காலத்திலே தேசியக் கைதிகளாயினர். அவர்களுள் தலைசிறந்த விசுவநாததாஸ், 1940 டிசம்பர் 31 ஆம் திகதி சென்னை மேடையிலே, வள்ளி திருமணத்தில், மயில் மீது முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் நீத்தார். அத்தகையோர் வரிசையிலே வைத்து எண்ணவேண்டியவர் சுந்தராம்பாள்.

இவ்விடத்தில் நம் மலைநாட்டுப் பெண்மணி ஒருவரையும் சொல்லாமல் விட மனமில்லை. முன்னே சொன்ன திருச்சி நடேச ஐயர் வேறு. இலங்கையில் தோட்டத் தொழிலாளரை ஒன்றுதிரட்டிய கோ. நடேசய்யர் வேறு. இந்த நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள், தொழிலாளர் கூட்டங்களிலே பாரதியார் பாடல்களையும் தாமே இயற்றிய பாடல்களையும் பாடுவார். அவருடைய பாடல்கள் 1940 இல் சிறு நூலாகவும் வெளிவந்தன. கொழும்பின் பெரிய கொட்டகையிலே வள்ளியாக நின்ற குரல் இலட்சம் ரூபாய்க்கு உயர்ந்தது. தோட்டத்துக் கூட்டத்திலே மீனாட்சியம்மாள் பாடிய குரலை எந்த இசைத்தட்டுக் கம்பெனியும் பதிவு செய்யவில்லை. இரண்டும் ஒரே பத்தாண்டுகளில் ஒலித்த தமிழ்ப் பெண்களின் குரல்கள். கேட்டவர்களின் வாழ்விலே எது அதிக மாற்றத்தை உண்டாக்கியது என்று என்னைக் கேட்டால் நான் உடனே விடை சொல்லிவிட மாட்டேன்.

மேடையின் கதை இத்துடன் பெரும்பாலும் முடிகிறது; திரையின் கதை யாவரும் அறிந்தது. 1940 இல் மணிமேகலை. பின்னர் நீண்ட இடைவெளிக்குப் பிறகு, 1953 இல் ஜெமினி எஸ். எஸ். வாசன் தயாரித்து, கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய ஔவையார். ஆத்திசூடியை அரிச்சுவடியோடு சேர்த்துப் படித்த நம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அதன்பின் ஔவையார் என்றால் சுந்தராம்பாள்தான். கையிலே கோலும், நெற்றியிலே நீறும், கணீரென்ற அந்தக் குரலும்தான். சங்க காலத்து ஔவை இளமையும் மிடுக்கும் உள்ள பாணர் குலப் பெண் என்று உயர் வகுப்பு மாணவருக்கு எடுத்துச் சொல்லுவதற்குள் எங்களுக்குப் போதும் போதுமென்றாகிவிடும்! ஒரு நடிகை இலக்கிய வரலாற்றையே தம் முகத்தால் மறைத்துவிட முடியுமென்றால் அவருடைய ஆற்றலை என்னென்பது. 1964 இல் பூம்புகாரில் கவுந்தியடிகள், 1965 இல் திருவிளையாடலில் மறுபடியும் ஔவையார், 1973 இல் காரைக்கால் அம்மையார். நடித்த படங்கள் மொத்தமாகப் பதினைந்தைத் தாண்டா.

1950களில் அவர் சென்னை மேலவையின் உறுப்பினராக இருந்தார். திரைத்துறையிலிருந்து இந்தியாவின் சட்டமன்றங்களுக்குச் சென்ற முன்னோடிகளுள் அவரும் ஒருவர். 1966 இல் தமிழ் இசைச் சங்கம் இசைப் பேரறிஞர் பட்டம் அளித்தது. 1969 இல் வெளிவந்த துணைவன் படத்தில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகி என்று தேசிய விருது கிடைத்தது. வாழ்நாள் முழுவதும் சபையின் முன்னணியிலே நின்று பாடியவருக்குப் பின்னணிப் பாடகி என்ற பெயரில் விருது! 1970 இல் பத்மஸ்ரீ. அறுபது வயதுக்கு மேலும் அவர் சுருதியைத் தாழ்த்திக்கொள்ள விரும்பவில்லை. ஒலிவாங்கியின் முன்னேயும், கொட்டகையின் கடைசி வரிசைக்காரனுக்காகவே பாடினார். அந்தப் பழக்கம் கொழும்பிலும் கும்பகோணத்திலும் ஒலிபெருக்கியற்ற இரவுகளிலே ஊறிய பழக்கம்.

தாம் ஈட்டிய பொருளைக் கொண்டு பிறந்த ஊராகிய கொடுமுடியிலே அவர் ஒரு திரையரங்கு கட்டினார். அதற்குத் தம் பெயரின் எழுத்துக்களையே வைத்தார். ஊரின் பெயரும் தாயின் பெயரும் தம் பெயரும் ஒருங்கே அதன் முகப்பில் நின்றன. 1980 ஆம் ஆண்டு அவர் காலமானார். ஆடி வேலுக்கும் மாசி மகத்துக்கும் நம் கோயில்களில் ஒலிபெருக்கி கட்டுவோர் முருகன் பாட்டுக்களைப் போடும்போது, இன்றும் அவற்றிடையே அவருடைய குரல் வரும். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களும் வீதிக்கு வருமுன்னே, விடியற்காலையில், தெருவில் இன்னும் கூட்டம் சேராத அந்த வேளையில், அது இரண்டு தெருவுக்கு அப்பாலும் தெளிவாகக் கேட்கும்.